கூடத்தில் மாட்டியிருக்கும் துடிக்காத செல்கள்

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக் கூடத்தில், தாத்தா படத்துக்கும் உரக்கடைக் காலண்டருக்கும் நடுவே ஒரு கறுப்பு வெள்ளைப் படம் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் ஒருமுறையாவது அதன் முன்னால் நிற்பார்கள். "என்ன இது, நாத்து வேரா?" என்பார் ஒருவர். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "ஸ்கேனா? யாருக்கு என்ன?" என்று கேட்பார். அப்பா வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "பாப்பா வளத்த செல்லு" என்பார். ஆடு வளர்த்ததைச் சொல்வது போலவே இருக்கும்.

படத்தில் இருப்பவை எலியின் செல்கள். நடுவில் கூழாங்கல் மாதிரி உடல், அதிலிருந்து நாலாபக்கமும் நீளும் மெல்லிய இழைகள், ஒவ்வோர் இழையின் நுனியிலும் விரித்த பாதம் போல ஒன்று. அழகான படம்தான். ஆனால் அந்தத் தட்டில் நான் தொட்டுப் பார்த்த பதினோரு செல்களில் ஒன்றுகூடத் துடிக்கவில்லை. பார்க்க அச்சு அசல் நரம்பு, செய்கையில் கல். இந்த விவரத்தை அப்பா விருந்தாளிகளிடம் சொல்வதில்லை. நான் இங்கே சொல்லிவிடுகிறேன்.

2017இல் தஞ்சாவூரில் ஓர் ஆய்வகத்தில் பிஎச்டிக்குச் சேர்ந்தேன். எது என்று கேட்காதீர்கள், கீழே சில குற்றங்குறைகள் வருகின்றன. எனக்குக் கொடுத்த வேலை இதுதான்: வளர்ச்சிக் காரணி கொடுத்தால் நரம்பைப் போன்ற செல்லின் மின்குணம் எப்படி மாறுகிறது என்று அளந்து காட்ட வேண்டும். செல்லின் பெயர் பிசி12. லாயிட் கிரீனும் ஆர்தர் டிஷ்லரும் எலியின் அட்ரினல் சுரப்பியில் வந்த ஒரு கட்டியிலிருந்து எடுத்து, 1976இல் உலகத்துக்குக் கொடுத்த வம்சம். சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அந்தச் சுரப்பியின் உள்பகுதிச் செல்களும், பரிவு நரம்புச் செல்களும் கருவில் ஒரே கூட்டத்திலிருந்து பிரிந்து போனவை. பங்காளிகள். ஒரு வீட்டார் ரத்தத்தில் அட்ரினலின் ஊற்றும் வேலைக்குப் போனார்கள், இன்னொரு வீட்டார் நரம்பானார்கள். பிசி12 முதல் வீட்டைச் சேர்ந்தது. ஆனால் பங்காளி வீட்டுப் பத்திரமும் அதன் பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. கேட்க வேண்டிய ஆள் வந்து கேட்டால் எடுத்துக் கொடுக்கும்.

அந்த ஆள்தான் என்ஜிஎஃப், நரம்பு வளர்ச்சிக் காரணி என்ற புரதம். இதைக் கண்டுபிடித்த ரீட்டா லெவி-மொன்டால்சினியின் கதை எனக்கு எப்போதும் பிடிக்கும். யூதர் என்பதால் இத்தாலியில் 1938க்குப் பிறகு அவருக்குப் பல்கலைக்கழகத்தில் இடமில்லை. டூரின் நகரில் தன் படுக்கையறையிலேயே ஆய்வகம் வைத்து, தையல் ஊசியைத் தீட்டிக் கத்தியாக்கி, கோழி முட்டைக்குள் வளரும் கருவின் நரம்புகளை ஆராய்ந்தார். பிற்பாடு அமெரிக்காவில் ஸ்டான்லி கோஹனோடு சேர்ந்து அந்தப் புரதத்தைப் பிரித்தெடுக்கும்போது, வேறு காரியத்துக்காகச் சேர்த்த பாம்பு விஷத்திலேயே அது ஏராளமாக இருப்பது தெரிந்தது. அப்படியானால் விஷச் சுரப்பிக்கு உறவான உமிழ்நீர்ச் சுரப்பியில் இருக்குமா என்று சுண்டெலியில் பார்த்தார்கள். இருந்தது. 1986இல் இருவருக்கும் நோபல் பரிசு. இன்றைக்கும் எங்களுக்கு வரும் குப்பியின் சீட்டில் சுண்டெலித் தாடைச் சுரப்பியிலிருந்து எடுத்தது என்றுதான் போட்டிருக்கும். இதை அம்மாவிடம் சொன்னபோது கொஞ்சம்கூட ஆச்சரியப்படவில்லை. "நாய் தன் புண்ண நக்கியே ஆத்திக்குதே, எச்சில்ல என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்" என்றார்.

குப்பியின் விலை அப்பாவின் ஒரு மாதப் பென்ஷனைவிட அதிகம். அதில் முதல் குப்பியை நாங்கள் வீணடித்தோம். மில்லிலிட்டருக்கு 50 நானோகிராம் என்பதுதான் வழக்கமான அளவு. அவ்வளவு நீர்த்த புரதம் பிளாஸ்டிக் குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அதனால் கரைக்கும்போது ஆல்புமின் என்ற வேறொரு புரதத்தைக் கொஞ்சம் சேர்த்துச் சுவருக்கு முதலில் அதைத் தின்னக் கொடுக்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. ஒரு வாரம் செல்களுக்கு வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, ஏன் இழை வரவில்லை என்று தினமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, அது வேறு கதை.

இரண்டாம் குப்பியில் வேலை நடந்தது. கொலாஜன் பூசிய தட்டில் செல்களைப் போட்டு, சீரத்தைக் குறைத்து, என்ஜிஎஃப் விட்டு, 37 டிகிரி இன்குபேட்டரில் வைத்தேன். முதல் நாள் ஒன்றும் தெரியாது. திராட்சைக் கொத்து மாதிரி ஒட்டிக்கொண்டு கிடக்கும். இரண்டாம் நாள் ஓரத்தில் முள் முளைக்கும். நாலாம் நாள் அந்த முள் நீண்டு, நுனி பாகற்கொடி பந்தலைத் தேடுவது போலத் துழாவும். ஒரு வாரத்தில் தட்டு முழுக்க வலை. பெருகிக்கொண்டே இருந்த செல்கள் பெருகுவதை நிறுத்திவிடும். இந்த இழைகளை நியூரைட் என்போம். பக்கத்திலேயே இன்னொரு தட்டுக்கு இஜிஎஃப் என்ற வேறொரு காரணி கொடுத்தேன். அதே செல், அதே மீடியா, அதாவது வளர்ப்புக் கரைசல். அங்கே இழை வரவில்லை, செல்கள் பெருகத்தான் செய்தன. இரண்டு காரணியும் உள்ளே ஒரே தந்தியைத்தான் அடிக்கின்றன. என்ஜிஎஃப் மணிக்கணக்கில் அடித்துக்கொண்டே இருக்கும், இஜிஎஃப் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு ஓய்ந்துவிடும். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊர்க்காரர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஒருநாள் முறையிலும் வாரமுறையிலும் ஒரே பயிரா விளையும்?

அந்த வாரம் எடுத்த படம்தான் கூடத்தில் இருப்பது.

அடுத்தது மின்னளவு. செல்லின் மேல் உறை 5 நானோமீட்டர் தடிமன்தான். அதன் இரண்டு பக்கத்துக்கும் நடுவே 60 மில்லிவோல்ட் வித்தியாசம், உள்பக்கம் மைனஸ். 60 மில்லிவோல்ட் என்றால் சின்னது போலத் தோன்றும். 5 நானோமீட்டரில் அடைத்துக் கணக்குப் போட்டால் மீட்டருக்கு 1.2 கோடி வோல்ட். அந்த உறையில் பதிந்திருக்கும் சோடியம் சேனல்கள், மின்னழுத்தம் கொஞ்சம் ஏறினால் திறந்து, வெளியே நிற்கும் சோடியத்தை உள்ளே விடும். போதுமான சேனல் இருந்தால் ஓரிரு மில்லிசெகண்டுக்குள் மைனஸ் 60 என்பது பிளஸ் 30க்குப் போய்த் திரும்பும். அதுதான் துடிப்பு. நாங்கள் ஸ்பைக் என்போம்.

இதைப் பிடிக்கும் முறை பேட்ச் கிளாம்ப். எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் 1976இல் கொண்டுவந்தது, 1991இல் நோபல். பிசி12 பிறந்த வருஷமும் அதே 1976 என்பதை நான் ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ரிக், அதாவது மின்னளவுக் கருவிகள் பொருத்திய மேசை, தரைத்தளத்தில், சாலையோர அறையில் இருந்தது. பஸ் போனால் நுனி ஆடும். அதனால் ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வேலை. ரிக்கைச் சுற்றி மின்னிரைச்சலைத் தடுக்க ஒரு கூண்டு வேண்டும். கம்பெனிக் கூண்டுக்கு நிதி வரவில்லை. ஒரு வெல்டிங் பட்டறையில் ஆங்கிள் போட்டுக் கோழிவலை அடித்து வாங்கினோம். பட்டறை அண்ணன், "எத்தனை கோழிம்மா?" என்று கேட்டுவிட்டு, முட்டை எடுக்க ஒரு சின்னக் கதவும் வைத்துக் கொடுத்தார். கை நுழைக்க அது வசதியாகத்தான் இருந்தது. கூண்டுக்கு எர்த் கொடுத்ததும் திரையில் ஓடிய 50 ஹெர்ட்ஸ் அலை அடங்கியது. ட்யூப்லைட்டை அணைத்ததும் மிச்சமும் போனது.

கண்ணாடிக் குழாயைச் சூட்டில் இழுத்து, நுனி ஒரு மைக்ரான் வருகிற மாதிரி பிப்பெட் செய்ய வேண்டும். உள்ளே பொட்டாசியம் கரைசல், அதில் குளோரைடு பூசிய வெள்ளிக் கம்பி. பிப்பெட்டோடு இணைந்த மெல்லிய குழாயின் மறுமுனை என் வாயில். லேசாக ஊதிக்கொண்டே நுனியைச் செல்லை நோக்கி இறக்குவேன். செல்லின் மேல் ஒரு சின்னப் பள்ளம் விழும். ஊதுவதை நிறுத்தி மெதுவாக உறிஞ்சினால், 4 மெகாஓம் காட்டிக்கொண்டிருந்த மீட்டர் நூறாகி, ஐநூறாகி, கிகாஓமுக்குத் தாவும். கண்ணாடியும் உறையும் ஒன்றோடு ஒன்று அப்பிக்கொண்டுவிட்டன என்று அர்த்தம். இதைத்தான் சீல் என்போம். அப்புறம் ஓர் உறிஞ்சல், முத்தம் கொடுக்கிற மாதிரி. நுனிக்குள் இருக்கும் உறைத்துண்டு கிழியும். இப்போது என் கம்பியும் செல்லின் உள்பக்கமும் ஒன்று. பத்துத் தடவையில் ஆறு தடவை இந்த இடத்தில் செல் செத்துப்போகும்.

முதலில் வோல்ட்டேஜ் கிளாம்ப். செல்லை மைனஸ் 80இல் கட்டிவைத்து, சட்டென்று மைனஸ் 10க்கு ஏற்றினால், திறக்கும் சோடியம் சேனல்கள் வழியாக வரும் மின்னோட்டம் திரையில் ஒரு கிணறு மாதிரி கீழே இறங்கி ஏறும். காரணி கொடுக்காத செல்லில் அந்தக் கிணறு சில நூறு பிகோஆம்பியர். என்ஜிஎஃப் கொடுத்ததில் 2 நானோஆம்பியருக்கு மேல். செல் பெருத்ததால் ஓட்டமும் பெருத்ததா என்று பார்க்க, உறையின் பரப்பால் வகுக்க வேண்டும். பரப்புக்குப் பதில் மின்தேக்குத்திறனை எடுத்துக்கொள்வோம்: உருண்டைச் செல்லுக்கு 5, 6 பிகோஃபாரட், இழைவிட்ட செல்லுக்கு 15 சொச்சம். வகுத்த பிறகும் பல மடங்கு வித்தியாசம் நின்றது. பொட்டாசியம், கால்சியம் ஓட்டங்களும் மாறியிருந்தன, அதற்குள் இப்போது போகவில்லை. என் ஆய்வு வழிகாட்டியான மேடம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். "சரி, இனி ஸ்பைக் எடு."

1977லேயே டிக்டர், டிஷ்லர், கிரீன் மூவரும் நேச்சர் இதழில் எழுதிவிட்டார்கள். என்ஜிஎஃப் காணாத பிசி12 துடிக்காது, கண்டது துடிக்கும். நான் செய்ய வேண்டியது பழைய உண்மையை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு மேலே போவது மட்டும்தான். கட்டை அவிழ்த்து, செல்லை அதன் போக்கில் விட்டு, கொஞ்சம் மின்னோட்டம் ஊட்டினேன். திரையில் ஒரு மேடு. அதிகம் ஊட்டினேன். பெரிய மேடு. கோடு மேடாக எழுந்து மேடாகவே படுத்தது. ஒரு செல், இரண்டு செல், பதினோரு செல். புதுத் தட்டு. மறுபடி மேடு.

மூன்று வாரம். சீனியர் அக்கா ஒருவர், "செல் பழசாயிருக்கும், பாஸேஜ் எண் பாரு" என்றார். எத்தனை தடவை தட்டு மாற்றி வளர்த்த செல் என்ற கணக்கு அது. உறைய வைத்திருந்த செல்களில் புதுக் குப்பி ஒன்றைத் திறந்து உருக்கினேன். மேடு. மேடம், "உன் சீல் சரியில்லை" என்றார். சீல் சரியாகத்தான் இருந்தது. சேனல் இருக்கிறது, கண்ணால் பார்த்தாயிற்று. இழை இருக்கிறது, படம் எடுத்தாயிற்று. துடிப்பு மட்டும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கஜா வந்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. ஆய்வகத்தில் ஜெனரேட்டர் இருந்ததால் இன்குபேட்டர் தப்பித்தது. ஊரோடு பேச முடியவில்லை. பஸ் ஓடத் தொடங்கியதும் கிளம்பிப் போனேன். வழி நெடுகத் தென்னை சாய்ந்து கிடந்தது, மின்கம்பங்கள் நடுவில் முறிந்து கம்பியோடு வயலில் கிடந்தன. வீட்டில் ஓடு பறந்ததைத் தவிர யாருக்கும் ஒன்றும் இல்லை. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வர இருபது நாளுக்கு மேல் ஆயிற்று.

இரண்டாம் நாள் ராத்திரி திண்ணையில், அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில், "உன் படிப்பு எந்த மட்டுல இருக்கு?" என்று அப்பா கேட்டார்.

அப்பா பொதுப்பணித் துறையில் லஸ்கர். மூணாறு தலைப்பில் கடைசிப் பன்னிரண்டு வருஷம். வெண்ணாறு அங்கேதான் வெண்ணாறு, கோரையாறு, பாமனியாறு என்று பிரிகிறது. சட்ரஸ் மேல் நின்று ஷட்டரைச் சுற்றி ஏற்றுவதும் இறக்குவதும் அவர் வேலை. அதனால் சேனல் என்றால் ஷட்டர் என்று சொல்லிவிட்டால் புரிந்துவிடும் என்று நினைத்தேன். செல் என்பது கரை கட்டிய வயல், வெளியே சோடியம் ஆறாக நிற்கிறது, உறையில் ஷட்டர்கள், என்ஜிஎஃப் கொடுத்தால் ஷட்டர் எண்ணிக்கை கூடுகிறது.

"யாரு சுத்துறா?"

"யாரும் சுத்த வேண்டாம்ப்பா. மட்டம் கொஞ்சம் ஏறினா அதுவே கொஞ்சம் திறக்கும். திறந்தா தண்ணி வரும், மட்டம் இன்னும் ஏறும், பக்கத்து ஷட்டரும் திறக்கும், அப்படியே எல்லாம்…"

அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். "அதுக்குப் பேரு மதகு இல்ல பாப்பா. உடைப்பு."

மூன்று மாதம் முன்னால், ஆகஸ்டில், முக்கொம்பில் கொள்ளிடத்து ஷட்டர்கள் அடித்துக்கொண்டு போனதை அவர் டிவி முன்னால் உட்கார்ந்து சாப்பிடாமல் பார்த்தவர். ஒன்று போனதும் அடுத்தது, அதற்கடுத்தது. கரையில் எலி வளை போட்ட ஓட்டையில் முதலில் நூல் மாதிரிக் கசியும், கசிகிற தண்ணீரே மண்ணை அரித்து ஓட்டையைப் பெரிதாக்கும், பெரிதான ஓட்டையில் இன்னும் தண்ணீர் வரும் என்று ராத்திரி முழுக்கச் சொல்லக்கூடியவர். பாடப்புத்தகம் எல்லாம் கதவு, வாசல், மதகு என்றே எழுதுகின்றன. என் இத்தனை வருஷப் படிப்பில் யாரும் உடைப்பு என்று சொன்னதில்லை. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் கணவாய் மீனின் பெரிய நரம்பில் போட்ட சமன்பாடு சொல்வதும் இதைத்தான்: வெள்ளமே கரையை இன்னும் திறக்கிறது.

"உடைப்பு எடுக்கணும்னா ரெண்டு பக்கத்து மட்டத்துக்கும் நல்ல வித்தியாசம் இருக்கணும். வயல்லயும் ஆத்துலயும் ஒரே மட்டமா தண்ணி நின்னா கரை எதுக்கு உடையப்போவுது? நீ ஷட்டரையே பாத்துக்கிட்டு இருக்க. உன் கேஜ் என்ன காட்டுது?"

லஸ்கர் காலையில் எழுந்ததும் செய்யும் முதல் வேலை நீர்மட்டம் காட்டும் கேஜைப் பார்த்து நோட்டில் எழுதுவது. ஷட்டர் அப்புறம்தான். என் நோட்டிலும் கேஜ் இருந்தது, நிலைமட்ட மின்னழுத்தம் என்று ஒரு கட்டம். ஒவ்வொரு செல்லுக்கும் எழுதியிருந்தேன், எழுதியதைப் படித்ததே இல்லை. திண்ணையில் உட்கார்ந்தபடி போனில் எடுத்து வைத்திருந்த பக்கங்களைப் பார்த்தேன். மைனஸ் 38. மைனஸ் 41. மைனஸ் 40. மைனஸ் 37. போனில் 9 சதவீதம் சார்ஜ். மறுபடியும் பார்த்தேன். மைனஸ் 60 பக்கத்தில் இருக்க வேண்டிய செல்கள் எல்லாமே ஒன்றுபோல மேலே ஏறி நின்றன.

அப்பா சொன்ன காரணம் முழுக்கச் சரியில்லை. மட்ட வித்தியாசம் குறைந்ததால் சோடியத்தின் வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். உண்மையான சங்கதி சேனலுக்கு இருக்கும் இரண்டாவது அடைப்பு. சோடியம் சேனல் திறந்த கொஞ்ச நேரத்துக்குள் உள்பக்கமிருந்து ஒரு மூடி மாதிரி வந்து வாயை அடைத்துவிடும். மின்னழுத்தம் நன்றாகக் கீழே இறங்கினால்தான் அந்த அடைப்பு விலகும். மைனஸ் 40இல் காலம் தள்ளும் செல்லில் பெரும்பாலான சேனல்கள் அடைபட்டே கிடக்கும். வோல்ட்டேஜ் கிளாம்பில் நானே மைனஸ் 80க்கு இழுத்துக் கட்டியதால் அடைப்பு விலகி ஓட்டம் தெரிந்தது. அவிழ்த்து விட்டதும் செல் மைனஸ் 40க்கு ஏறியது, சேனல்கள் அடைபட்டன, மேடு மட்டும் மிச்சம். மூன்று வாரப் புதிர் திண்ணையிலேயே அவிழ்ந்துவிட்டது. காரணம் சரியில்லாவிட்டாலும் பார்க்கச் சொன்ன இடம் சரி என்று அப்பாவிடம் சொன்னேன். "எல்லா எஞ்சினியரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார்.

ஆனால் ஏன் ஏறி நின்றது? தஞ்சாவூருக்குத் திரும்பியதும் நேராக ஃபிரிட்ஜுக்குப் போனேன். நிலைமட்டத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பொட்டாசியம். உள்ளே 140, வெளியே 5 மில்லிமோலார் என்றால் பொட்டாசியத்தின் சமநிலை மைனஸ் 85 பக்கம் வரும். ஃபிரிட்ஜின் இரண்டாம் அடுக்கில் பொட்டாசியம் குளோரைடு பாட்டில்கள் இரண்டு, ஒரே அளவு, ஒரே நீல மூடி. ஒன்று 1 மோலார், அளக்கும்போது செல்லைச் சுற்றி ஊற்றும் கரைசல் செய்ய. இன்னொன்று 3 மோலார், எலக்ட்ரோடு நிரப்ப. மார்க்கரில் எழுதியிருந்ததை கிருமி புகாத ஹூட்டுக்குள் போகும் ஒவ்வொரு முறையும் எத்தனாலில் துடைத்துத் துடைத்து இரண்டிலும் 'எம்' என்ற எழுத்து மட்டும் மிச்சம். நான் கையில் எடுத்தது 3. வெளியே 5க்குப் பதில் 15 ஊற்றியிருக்கிறேன். கணக்குப் போட்டால் சமநிலை மைனஸ் 57. மற்ற கசிவுகளையும் சேர்த்தால் மைனஸ் 40 வரத்தான் செய்யும். செல் வளர்ந்த மீடியா வேறு என்பதால் வளர்ச்சியில் எந்தக் குறையும் தெரியவில்லை. இழை அழகாக வந்தது. அளக்கும் நேரத்தில் மட்டும் நானே அதன் வாயை அடைத்திருக்கிறேன். கரைசலில் மொத்தம் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று காட்டும் ஆஸ்மோமீட்டரில் ஒருமுறை பார்த்திருந்தால் 20 கூடுதலாகக் காட்டிக் கொடுத்திருக்கும். அது ஆறு மாதமாக ரிப்பேர். ரிப்பேருக்கான கோப்பு யார் மேசையில் கிடந்தது என்று எல்லாருக்கும் தெரியும்.

மேடத்திடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். "மூணு வாரம்தானே. நான் ஒரு வருஷம் தொலைச்சிருக்கேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, இரண்டு பாட்டிலையும் வெளியே கொட்டச் சொன்னார்.

டிசம்பர் முதல் வாரம், ராத்திரி ஒன்றரை மணி. புதுக் கரைசல். நிலைமட்டம் மைனஸ் 62. கொஞ்சம் மின்னோட்டம் ஊட்டினேன், மேடு. இன்னும் 10 பிகோஆம்பியர் கூட்டினேன். கோடு மேட்டின் உச்சியில் ஒரு கணம் தயங்கியது போலிருந்தது. அப்புறம் நெட்டுக்குத்தாக மேலே போய், பிளஸ் 25ஐத் தொட்டு, வந்த வேகத்தில் இறங்கி, மைனஸ் 62க்குக் கீழே கொஞ்சம் போய்விட்டு வந்து படுத்தது. அவ்வளவுதான், கண்ணிமைக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்த ஏற்றத்துக்கு உள்ளே போன சோடியம் அயனிகள் எவ்வளவு என்று பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன்: 15 பிகோஃபாரட் செல்லை 87 மில்லிவோல்ட் ஏற்ற, 80 லட்சத்துக்குச் சற்று மேல். செல்லுக்குள் ஏற்கெனவே இருக்கும் சோடியத்தோடு ஒப்பிட்டால் அது ஒரு சிட்டிகை. ஊர் முழுகவில்லை, கேஜ் மட்டும் எகிறி இறங்கியிருக்கிறது.

காரணி காணாத செல்களையும் அதே கரைசலில் பார்த்தேன். எல்லாவற்றிலும் மேடுதான். இப்போது அந்த மேட்டுக்கு அர்த்தம் இருந்தது. கசிவு இருக்கிறது, அரித்துப் பெரிதாக்கப் போதுமான சேனல் இல்லை.

அது சோடியம் சேனல்தான் என்று நிரூபிக்க டெட்ரோடோடாக்ஸின் ஒரு சொட்டு. பேத்தை மீனின் ஈரலில் இருக்கும் அதே விஷம். நாகப்பட்டினத்துத் தோழி ஒருத்தி கூட வேலை பார்த்தாள். அவள் அப்பா வலையில் வரும் பேத்தையை எடுத்துக் கடலிலேயே வீசிவிடுவாராம். "நாங்க வீசுறத நீங்க மில்லிகிராம் கணக்குல காசு கொடுத்து வாங்குறீங்களா!" என்று சிரிப்பாள். சொட்டு விட்டுச் சில விநாடியில் துடிப்பு போனது. கழுவினேன், திரும்பி வந்தது.

அப்புறம் படித்ததில் என்னை இன்றுவரை விடாத ஒன்று 1995இல் நியூரான் இதழில் வந்த ஆய்வு. என்ஜிஎஃப்-ஐ ஒரே ஒரு நிமிடம் காட்டிவிட்டுக் கழுவி எடுத்தாலும், பிசி12 செல் ஒரு குறிப்பிட்ட சோடியம் சேனலின் ஜீனை முடுக்கி, துடிக்கும் தகுதியைப் பெற்றுவிடுகிறது. இழை அப்படியில்லை. அதற்குத் தினமும் படியளக்க வேண்டும், நிறுத்தினால் சுருங்கிவிடும். விதைநெல்லை ஒருமுறை ஊறப்போட்டு எடுத்துவிட்டால், அதன் பிறகு சாக்கில் மூட்டம் போட்டு வைத்தாலும் முளை வந்தே தீரும். நாற்றங்காலுக்குத் தண்ணீர் மட்டும் நாள் தவறாமல் வேண்டும். இரண்டு வேலைக்கும் இரண்டு கணக்கு. இழையைப் பார்த்து நரம்பாகிவிட்டது என்று நான் படம் எடுத்ததும், இழை இல்லாததால் ஒன்றுமில்லை என்று யாராவது தட்டைக் கொட்டுவதும் ஒரே வகைத் தப்பு.

அந்த ஜீன் செய்யும் சேனலுக்கு இப்போது நாவ்1.7 என்று பெயர். வலியை எடுத்துச் செல்லும் நரம்புகளில் அதுதான் முக்கியம். அது பிறவியிலேயே வேலை செய்யாத சிலருக்கு வலி என்றால் என்னவென்றே தெரியாது என்று பாகிஸ்தான் குடும்பங்கள் சிலவற்றில் பார்த்து 2006இல் எழுதினார்கள். தேய்ந்த மூட்டில் என்ஜிஎஃப் அதிகம் சுரந்து வலியைக் கூட்டும் என்பதும் தெரிந்த விஷயம். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்போதெல்லாம் எனக்கு அந்தக் கிணறு மாதிரிக் கோடு கண்ணில் வரும். "அந்த எலி எச்சில் என் முட்டியிலயும் இருக்கா?" என்று கேட்டார். "எலியோடது இல்லம்மா, உங்களோடது" என்றேன். திருப்தியாகவில்லை.

பொங்கலுக்குப் போகும்போது முதல் துடிப்பை அச்செடுத்து எடுத்துப்போனேன், கூடத்துப் படத்தை மாற்றிவிடலாம் என்று. வெள்ளைத் தாளில் ஒற்றைக் கோடு. அம்மா, "இதுல என்ன இருக்கு பாக்க?" என்றார். அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"2005 வெள்ளத்துல நம்ம கேஜ் இப்படித்தான் ஏறிச்சு. ஆனா எறங்க நாலு நாள் ஆச்சு. இது என்ன இப்படி எறங்குது?"

மூடி வந்து வாயை அடைப்பதையும், பொட்டாசியம் வெளியே ஓடி மட்டத்தை இறக்குவதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். தாளை நாலாக மடித்து, பரணில் இருந்து எடுத்த பழைய கேஜ் நோட்டில், 2005 நவம்பர் பக்கத்தில் வைத்தார். கூடத்தில் பழைய படமே இருக்கிறது. போன வாரம்கூட யாரோ நாற்று வேரா என்று கேட்டார்களாம்.